2 மணி 25 நிமிடம் போதவில்லை: சிகாகோவில் தவறிய கொலம்பஸ் விமானம், ஒரு நிகழ்வு ஆய்வு

பெரியப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் 34 வருடம் ரைட்டராக இருந்தவர். ஆள் கணக்கு, கூலிக் கணக்கு, மழை அளவு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சட்டைப் பையில் ஒரு குட்டி டைரி, கையில் எச்எம்டி கடிகாரம். 2024 மே மாதம் அவரும் பெரியம்மாவும் அக்காவின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனபோது சிகாகோவில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார்கள். நடந்ததை இங்கே நிமிடக் கணக்கோடு எழுத முடிவது அந்த டைரியால்தான்.

டிக்கெட் போட்டது நான். பெங்களூரு, பிராங்க்பர்ட், சிகாகோ, அங்கிருந்து அக்கா இருக்கும் கொலம்பஸ். எல்லாம் ஒரே டிக்கெட். சிகாகோவில் இறங்கி அடுத்த விமானம் ஏறுவதற்கு இரண்டு விதமான இடைவெளி காட்டியது, ஒன்று 2 மணி 25 நிமிடம், இன்னொன்று 5 மணி 50 நிமிடம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலம் வந்து, அங்கிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, ஓசூர் தாண்டி, பெங்களூரு ஊரைச் சுற்றிக்கொண்டு தேவனஹள்ளி வரைக்கும் காரில் வந்தவர்கள், அதற்கு மேல் ராத்திரி விமானம், வயசு இருவருக்கும் 65-க்கு மேல், இதில் சிகாகோவில் ஆறு மணி நேரம் நாற்காலியில் உட்கார வைப்பதா என்று நினைத்தேன். குறைந்த இடைவெளியை எடுத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

இப்போது டைரி. அவர் எழுதியபடியே தருகிறேன்.

2.40 தரை இறங்கியது.
3.05 பெரிய ஹால். வரிசை.
3.58 கைரேகை, போட்டோ முடிந்தது.
4.22 பெட்டி கிடைத்தது.
4.41 சாமான் சோதனை முடிந்தது.
4.46 பெட்டியை மறுபடி போட்டோம்.
4.58 ரயிலில் 1-ஆம் டெர்மினல்.
5.19 செக்கிங் முடிந்தது.
5.27 கேட். ஆள் இல்லை.

கொலம்பஸ் விமானம் புறப்படும் நேரம் 5.05. கதவு அதற்கு 15 நிமிடம் முன்பே மூடிவிடும், அதாவது 4.50. அந்த நேரத்தில் இவர்கள் பெட்டியை பெல்ட்டில் போட்டுவிட்டு ரயில் எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் சிக்கல் 3.58-க்கும் 4.22-க்கும் நடுவில் இருக்கிறது. பெங்களூரில் பெட்டிகளுக்கு ஒட்டிய டேக்கில் கடைசி ஊர் கொலம்பஸ் என்றுதான் அச்சாகியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண்ணும் கொலம்பஸ் வரைக்கும் டேக் போட்டாச்சு என்று சொன்னார். அவர் சொன்னது தப்பே இல்லை. ஆனால் பெரியப்பாவின் காதில் அது 'பெட்டி தானாகப் போய்விடும்' என்று விழுந்தது. பிராங்க்பர்ட்டில் அப்படித்தான் நடந்தது, பெட்டியைப் பார்க்கவே இல்லை, இவர்கள் நடந்து போய் அடுத்த விமானத்தில் ஏறினார்கள். ஒரு ஊரில் நடந்தது அடுத்த ஊரிலும் நடக்கும் என்று நம்புவது இயல்புதானே.

ஆனால் அமெரிக்காவின் ஏற்பாடு வேறு. பிராங்க்பர்ட் மாதிரியான இடங்களில் வெளிநாட்டிலிருந்து வந்து வெளிநாட்டுக்கே போகிறவர், அந்த நாட்டுக்குள் நுழையாமலே கடந்து போகலாம். அமெரிக்க விமான நிலையங்களில் அப்படி ஒரு நடுவழிப் பகுதி கிடையாது. முதலில் எந்த ஊரில் கால் வைக்கிறீர்களோ அங்கேயே நாட்டுக்குள் நுழைகிறீர்கள். பாஸ்போர்ட் சோதனை அங்கே, பெரும்பாலான வழித்தடங்களில் பெட்டியை பெல்ட்டிலிருந்து எடுப்பதும் அங்கே, சுங்கம் அங்கே. சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்ததும் பக்கத்திலேயே இன்னொரு பெல்ட் இருக்கும், அதில் பெட்டியைத் திருப்பிப் போட வேண்டும். டேக்கில் இருக்கும் கடைசி ஊர் இந்த இரண்டாவது பெல்ட்டுக்குத்தான் உதவும், புதுசாக டேக் ஒட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இருவரும் பெல்ட்டைத் தாண்டி நேராக வெளிவாசலுக்குப் போனார்கள். வாசலில் நின்ற அதிகாரி "பெட்டி எங்கே" என்று கேட்டார். பெரியப்பா போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டியிருந்த துண்டு டேக்கைக் காட்டினார். அவர் பொறுமையாகத் திருப்பி அனுப்பினார். அதற்குள் அந்த பெல்ட்டில் வேறு விமானத்தின் பெட்டிகள் சுற்ற ஆரம்பித்திருந்தன, இவர்களுடையதை யாரோ இறக்கி ஒரு தூண் ஓரமாக வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பெரியம்மா கைப்பிடியில் கட்டியிருந்த மஞ்சள் துணியால்தான் கண்டுபிடித்தார். இந்த அலைச்சலில் போனது 15 நிமிடம் என்று பெரியப்பா கணக்கு.

சரி, அடுத்தது 19 நிமிடம், சாமான் சோதனை.

பாஸ்போர்ட் அதிகாரி சாப்பாட்டுப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார், ஆமாம் என்றே சொல்லுங்கள் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பெரியம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. "இல்லைன்னு சொன்னா விட்டுடுவாங்க இல்ல கண்ணு?" என்று கிளம்பும் நாள் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்பவருக்கு நடக்கக்கூடியது, ஆகாத பொருளை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்பதுதான். இல்லை என்று சொல்லி மாட்டினால் அபராதம், அது 10,000 டாலர் வரை போகலாம் என்று அந்நாட்டுச் சுங்கத் துறையே எழுதி வைத்திருக்கிறது. இதில் யோசிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

பெட்டியில் இருந்தவை: வறுத்து அரைத்த ஏற்காடு காபித்தூள் 2 கிலோ, செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய தட்டுவடை, ஜவ்வரிசி வடாம், மாங்காய் தொக்கு ஒரு பாட்டில், ஆத்தூர் கிச்சிலி சம்பா அரிசி 2 கிலோ, அப்புறம் வீட்டுக்குப் பின்னால் பறித்து ஈரத் தாளில் சுற்றிய கறிவேப்பிலை. கடைசி இரண்டும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டிலேயே எடுத்து வைத்திருப்பேன். காபித்தூள், தட்டுவடை, வடாம், தொக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அரிசியும் கறிவேப்பிலையும் குப்பைக்குப் போயின.

அரிசிக்குக் காரணம் காப்ரா வண்டு. தானியக் கிடங்கில் புகுந்தால் ஒழிப்பது மிகவும் கஷ்டமான பூச்சி, உணவே இல்லாமல் நீண்ட காலம் உயிரோடு இருக்கும். அந்த வண்டு இருக்கும் நாடுகளிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவர அமெரிக்காவில் தடை, அதில் இந்தியாவும் உண்டு. கிச்சிலி சம்பா எவ்வளவு நல்ல அரிசி என்பது அங்கே பேச்சே இல்லை.

கறிவேப்பிலை விஷயம் இன்னும் ஆழமானது. நாம் வாசனைக்குப் போடும் இலை, எலுமிச்சை ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு மரத்தில் சாறு உறிஞ்சும் சில்லிட் என்ற சின்னப் பூச்சி இதிலும் வாழும், முட்டையிடும். அந்தப் பூச்சிதான் பசுமை நோயைப் பரப்புகிறது. வந்த மரத்துக்கு மருந்து கிடையாது. புளோரிடாவில் இந்த நோய் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் 2003-04 பருவத்தில் அங்கே 24 கோடி பெட்டி ஆரஞ்சு விளைந்தது, 2022-23-இல் அது 2 கோடிப் பெட்டிக்கும் கீழே வந்துவிட்டது. புயலும் பனியும் சேர்ந்துதான் இந்த அடி, ஆனால் நோய்தான் முதல் காரணம்.

சோதனை மேசையில் இருந்த அதிகாரி கறிவேப்பிலையை எடுத்து வைத்துவிட்டு 'சிட்ரஸ் டிசீஸ்' என்று மட்டும் சொன்னாராம். பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியப்பாவுக்கு உடனே புரிந்தது. அவருடைய அப்பா காலத்தில் காபிச் செடிகளுக்கு நடுவே கமலா ஆரஞ்சு மரங்கள் நின்றன, இவர் சின்ன வயதில் கூடை கூடையாகச் சேலத்துக்கு இறங்கின, அப்புறம் ஒவ்வொன்றாக இலை மஞ்சளித்துக் காய்ந்து போயின. அந்தத் தோட்டத்தில் வந்தது இன்ன நோய் என்று அன்றைக்கு யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லை. ஆனாலும் "மரம் போறதைப் பார்த்தவன் நான், அவன் எடுத்தது சரிதான்" என்று என்னிடம் போனில் சொன்னார். விமானம் தவறிய கோபம் எதிலும் அவர் இந்தச் சோதனையைச் சேர்க்கவே இல்லை.

மேசையில் திறந்த பெட்டி மறுபடி சரியாக மூடவில்லை. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நேரம் போகிறது, பெரியம்மா மேலே துருத்திய தொக்கு பாட்டிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இதை யாரும் அவருக்குச் சொல்லிவைக்கவில்லை: பெட்டியைத் திருப்பிப் போட்ட பிறகு இன்னொரு பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. வெளிநாட்டு விமானம் வருவது 5-ஆம் டெர்மினல், இவர்களுடைய உள்நாட்டு விமானம் 1-இல், நடுவில் ரயில், அந்த ரயில் ஓடுவது சோதனைக்கு வெளியே. ஆகவே மறுபடி இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, மருந்து டப்பாவை எடுத்துக் காட்டி எல்லாம் முதலிலிருந்து. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் குழம்பாகவோ திரவமாகவோ எதுவும் ஆகாது. சுங்கம் அனுமதித்த தொக்கு இங்கே போனது. வழியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கும் பாட்டில்களுக்கும் இதே ஆபத்து உண்டு, பெட்டி கையில் இருக்கும் அந்தச் சில நிமிடத்திலேயே அவற்றை உள்ளே வைத்துவிட வேண்டும்.

இனி கணக்கு. இதைக் கேட்ட முதல் நாள் நான் பெட்டியைத்தான் குற்றம் சொன்னேன். பெல்ட்டைத் தாண்டிப் போகாமல் இருந்திருந்தால், கறிவேப்பிலை இல்லாமல் இருந்திருந்தால் என்று அக்காவிடமும் சொன்னேன், அக்கா பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாள், பெரியம்மா இரண்டு நாள் அதையே நினைத்து வருந்தினார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டைரியின் படத்தை அனுப்பச் சொல்லி உட்கார்ந்து கூட்டினேன்.

தரை இறங்கியதிலிருந்து கேட் வரைக்கும் மொத்தம் 167 நிமிடம். பெட்டிக்காக அலைந்த 15, சோதனை மேசையின் 19, இரண்டையும் முழுசாகக் கழித்துவிடுவோம். 133 வருகிறது. கதவு மூடும்வரை இவர்களுக்கு இருந்தது 130 நிமிடம்.

ஒரு தப்பும் செய்யாமல், ஒரு இலையும் கொண்டுபோகாமல் நடந்திருந்தாலும் 3 நிமிட வித்தியாசத்தில் அந்த விமானம் தவறியிருக்கும். விமானமும் தாமதமில்லை, சொன்ன நேரத்துக்கு இறங்கியது. பாஸ்போர்ட் வரிசையில் 53 நிமிடம் ஆனதற்கு, அதே நேரத்தில் மூன்று பெரிய விமானங்கள் இறங்கியது காரணம், அது எந்த மதியமும் நடக்கக்கூடியது. பிழை நான் போட்ட டிக்கெட்டில் இருந்தது. அன்றைக்கே பெரியம்மாவைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன், எண்களோடு.

டிக்கெட் விற்கும் தளம் 2 மணி 25 நிமிடத்தைக் காட்டியதே என்று கேட்கலாம். அதில் பொய்யில்லை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மாறுவதற்குக் குறைந்தபட்ச நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதற்குக் கீழே இருந்தால் ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். ஆனால் அது முடியக்கூடிய நேரம். வரிசை நீண்டால், முதல் தடவை போகிறவராக இருந்தால், ஒவ்வொரு பலகையையும் நின்று படிக்கிறவராக இருந்தால், அந்த எண் அவருக்கானது இல்லை. அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் போனிலேயே விவரம் கொடுத்து வேகமாகப் போகிற வசதி இருக்கிறது, இந்தியப் பாஸ்போர்ட்டில் விருந்தினர் விசாவில் போகும் பெற்றோருக்கு அது கிடையாது. பிள்ளைகள் தங்கள் அனுபவத்தை வைத்து ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று சொல்வது இங்கேதான் தப்பாகிறது.

நான் இப்போது நம் ஊரிலிருந்து போகும் பெரியவர்களுக்கு, முதல் அமெரிக்க ஊரில் 4 மணி நேரத்துக்குக் குறைந்து போடுவதில்லை. நாற்காலியில் காத்திருப்பது கால் வலிக்கும், உண்மைதான். ஆனால் 5.27-க்கு ஆளில்லாத கேட்டில் நிற்பதோடு அதை ஒப்பிட முடியாது.

நல்லவேளை ஒரே டிக்கெட். அடுத்த விமானம் ராத்திரி 8.40-க்கு, பணம் எதுவும் கேட்காமல் அதில் இடம் போட்டுக் கொடுத்தார்கள், பெட்டியும் அதிலேயே வந்தது. இதையே சிகாகோ வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட் என்று சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்குப் பிரித்து வாங்கியிருந்தால், இரண்டாவது டிக்கெட் அன்றோடு செத்திருக்கும். கடைசி நேர விலைக்குப் புதுசாக வாங்க வேண்டும்.

கஷ்டம் அந்த மூன்று மணி நேரம்தான். இவர்களுடைய போன்களில் அங்கே வேலை செய்யும் சிம் இல்லை. அக்கா நிறைமாதம், மாமா கொலம்பஸ் விமான நிலையத்தில் நிற்கிறார், விமானம் வந்துவிட்டது, ஆட்கள் இல்லை. இங்கே சேலத்தில் எனக்கு விடியற்காலை, அக்கா போனில் அழுகிறாள். கடைசியில் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்குக் குடும்பத்திடம் போன் வாங்கிப் பேசினார். டைரியில் எல்லா எண்ணும் எழுதி வைத்திருந்ததால் ஆயிற்று. போனில் மட்டும் எண் வைத்திருப்பவர் சார்ஜ் போனால் என்ன செய்வார்?

சக்கர நாற்காலி ஏன் கேட்கவில்லை என்று பலரும் கேட்டார்கள். கேட்டால் கூட ஒருவர் வந்து வரிசை, பெல்ட், ரயில் எல்லாம் தள்ளிக்கொண்டு போவார். பெரியப்பா தினமும் மலைப்பாதையில் நடக்கிறவர், நடக்க முடிகிறவன் அதில் உட்காரக் கூடாது என்று மறுத்துவிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெரியம்மாவுக்கு மூட்டு வலி உண்டு, அவருக்கு மட்டுமாவது கேட்டிருக்கலாம், அது என் விடுபடல்.

திரும்பி வந்தது நவம்பரில். இந்தத் தடவை கணக்கு இந்தியப் பக்கம். நம் நாட்டிலும் பெரும்பாலும் விதி இதேதான், முதலில் இறங்கும் விமான நிலையத்தில் பாஸ்போர்ட், பெட்டி, சுங்கம், அப்புறம்தான் உள்நாட்டு விமானம். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் நம் விமான நிலையத்துக்கு 2023 அக்டோபரில் மறுபடி விமானங்கள் வர ஆரம்பித்ததால், ஐதராபாத்தில் இறங்கி அங்கிருந்து சேலம் வந்துவிடலாமே என்று மாமாவுக்கு ஆசை. ஐதராபாத்தில் உள்நாட்டுக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே டெர்மினல் என்பது பெரிய வசதிதான். ஆனால் சேலத்துக்கு வருவது சின்ன ஏடிஆர் விமானம், ஒன்று தவறினால் அன்றைக்கு வேறு கிடைக்காமல் போகலாம். தனி டிக்கெட் எடுத்தால் பெட்டி அளவும் பிரச்சினை, அமெரிக்காவிலிருந்து ஆளுக்கு 23 கிலோ இரண்டு பெட்டி, உள்நாட்டில் பெரும்பாலும் 15 கிலோ. அதனால் பெங்களூருக்கே வரச் சொல்லி, நான் காரோடு போய் இரண்டாம் டெர்மினல் வாசலில் நின்றேன்.

அவர்கள் வெளியே வர 55 நிமிடம் கூடுதலாக ஆனது. அக்கா தன் அம்மாவுக்கு ஒரு புது போன் வாங்கிக் கொடுத்திருந்தாள், விலை நம் பணத்தில் 62,000. அப்போதிருந்த 2016 விதிப்படி ஒருவருக்கு 50,000 ரூபாய் வரைதான் வரியில்லை. புருஷன் பெண்டாட்டி இருவர் வரம்பையும் சேர்த்து ஒரே பொருளுக்கு வைத்துக்கொள்ள முடியாது. பெரியப்பா, வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொன்னார். மேலே இருக்கும் 12,000-க்கு 38.5 சதவீதம், 4,620 ரூபாய், ரசீதோடு கட்டிவிட்டு வந்தார். காத்திருந்தது கார் என்பதால் அந்த 55 நிமிடத்தால் எதுவும் கெடவில்லை. தொப்பூர் வந்து டீ குடிக்கும்போது ரசீதை டைரிக்குள் மடித்து வைத்தார்.

2025-இல் அக்காவின் மாமியார் ஆத்தூரிலிருந்து தனியாகக் கிளம்பினார். ஆங்கிலம் அவ்வளவு வராது. அவருக்கு அபுதாபி வழியாகப் போட்டேன். அமெரிக்கப் பாஸ்போர்ட் சோதனையையும் சுங்கத்தையும் அபுதாபியிலேயே முடித்துவிடும் ஏற்பாடு அங்கே 2014 முதல் இருக்கிறது. அமெரிக்க அதிகாரிகளே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். முடித்துவிட்டு ஏறினால் சிகாகோவில் இறங்குவது உள்ளூர் விமானத்தில் வந்தவர் மாதிரி. அதற்காக வரிசை மாயமாவதில்லை, அபுதாபிக்கு நகர்கிறது, ஆகவே நாலரை மணி நேர இடைவெளியை அங்கே வைத்தேன். அரிசி, கறிவேப்பிலை விதியும் அங்கே அப்படியே உண்டு. டெர்மினல் மாறினால் பாதுகாப்புச் சோதனையும் மறுபடி உண்டு.

கிளம்பும் முன் ஒரு அட்டையில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அபுதாபியில் என்ன கேட்பார்கள், என்ன பதில், அக்கா எண், மாமா எண், கைப்பையில் குழம்பு வகை வேண்டாம். கடைசி வரி, பெரியப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதற்கு நேர் எதிர்: அத்தை, சிகாகோவில் பெட்டியைத் தேடாதீங்க, அது கொலம்பஸ் வந்துடும். அவர் போய்ச் சேர்ந்தார், பெட்டியும் வந்தது.